நெல்வயலை அளந்த கதை

தில்லியில் வாழினும் மும்பையில் வாழினும் நம் இலையில் விழுவது சோறே. அச்சோறு விளையும் வயலின்மீது ஒரு காலத்தில் பெரும்பழி ஒன்று சுமத்தப்பட்டது. அது குறைந்த வரலாற்றை இன்று காண்போம்.

நீர் தேங்கிய சேற்றில் பிராணவாயு எளிதில் புகுவதில்லை. அங்கு வாழும் நுண்ணுயிர்கள், மட்கும் தாவரப் பொருள்களினின்று மீதேன் என்னும் வாயுவை உண்டாக்குகின்றன. அவ்வாயு பெரும்பாலும் நெற்பயிரின் உள்துளைகள் வழியே மேலேறி வான்வெளியில் கலக்கிறது. எடைக்கு எடை நோக்கின், பூமியைச் சூடேற்றுவதில் அது கரியமில வாயுவினும் பன்மடங்கு வலியது.

1990-ஆம் ஆண்டளவில் அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை ஒரு கணக்கு வெளியிட்டது. இந்திய நெல்வயல்கள் ஆண்டுதோறும் ஏறத்தாழ 380 இலட்சம் டன் மீதேனை வெளியிடுகின்றன என்பது அக்கணக்கு. மேலைநாட்டு வயல்களிற் கண்ட அளவை நம் நிலப்பரப்புக்கும் பொருத்தியதால் வந்த தொகை அது. புவி வெப்பத்திற்கு எந்நாடு எவ்வளவு பொறுப்பு என்று உலகம் பேசத் தொடங்கிய வேளை அது. பழியைச் சுமக்க வேண்டியவனோ நம் உழவன்.

அளக்காமல் மறுப்பது அழகன்று. ஆகவே, தில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஏ. பி. மித்ரா அவர்களின் தலைமையில், 1991-இல் விஞ்ஞானிகள் நாட்டின் பல பகுதிகளில் வயலில் இறங்கினர். முறை எளியது. ஒளி புகும் பெட்டியொன்றைப் பயிரின்மேல் கவிழ்த்து, காற்றுப் புகாவண்ணம் அடைப்பர். குறித்த இடைவேளைகளில் உள்ளிருக்கும் காற்றை ஊசிக்குழலால் எடுத்து, வாயுக்களைப் பிரித்தறியும் கருவியில் சோதிப்பர். மீதேன் கூடும் வேகத்திலிருந்து வயல் வெளியிடும் அளவு புலப்படும்.

கிடைத்த விடை ஏறத்தாழ 40 இலட்சம் டன். முன்சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்கே! நம் வயல்களிற் பல மழையை நம்பியவை, இடையிடையே காய்பவை. மண்ணில் மட்கும் பொருளும் குறைவு.

எனினும் 40 இலட்சம் டன்னும் சிறிதன்று. வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சினால் மீதேன் குறையும், நீரும் மிஞ்சும். ஆனால் அப்போது நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வேறொரு வாயு மிகக்கூடும். ஆதலின் அதனையும் உடன் அளத்தல் வேண்டும்.

பிறமொழிச் சொல்லை நம் மொழியில் பெயர்க்குமுன் அது இங்குப் பொருந்துமா என்று பார்க்கிறோம். பிறர் மண்ணின் எண்ணுக்கும் அதுவே விதி.