டி-சர்ட் அச்சுத் தொழில்: மெஷினுக்கு முன்னாடி என்னென்ன வேணும்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



டி-சர்ட்டில் படம், எழுத்து அச்சடிக்கும் தொழிலைப் பற்றி நம்ம குழுக்கள் நிறைய விசாரிக்கிறாங்க. கேட்பதில் நியாயம் இருக்கு. தை பிறந்தால் நம்ம மாவட்டத்துல ஊருக்கு ஊர் ஜல்லிக்கட்டு. மாடுபிடி வீரர்கள் நம்பர் போட்ட பனியனோடதான் களத்தில் இறங்குறாங்க. கபடிக் குழு, பள்ளி விளையாட்டு விழா, கோயில் திருவிழான்னு ஆர்டர் வருஷம் முழுக்க இருக்கு. பனியன் திருப்பூரிலிருந்து வரட்டும். அதன்மேல் அச்சடிக்கிற வேலையை நாம ஏன் செய்யக்கூடாது?

ஆனால், கடன் பேச்சு வந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன மெஷின் வாங்கலாம்?" என்பதுதான். அதைக் கடைசியில் கேட்போம். என்ன துணி, எத்தனை உருப்படி, எத்தனை கலர்? இதை முதலில் கேட்போம். இந்த மூணுக்கும் பதில் தெரிஞ்சாத்தான் கருவி எதுன்னு தெரியும். தெரியாமல் வாங்கின மெஷின் மூலையில் கிடக்கும். தவணை மட்டும் மாசாமாசம் வரும்.

மூணு வழிகள்

முதல் வழி, ஸ்கிரீன் பிரிண்டிங். ஒரே டிசைன், ஒண்ணு ரெண்டு கலர், ஐம்பது நூறு உருப்படின்னா இதுதான் கட்டுப்படியாகும். தேவையானவை: நெட் துணி இழுத்துக் கட்டின ஃபிரேம், மை இழுக்க ரப்பர் ஸ்குவீஜி, கோட்டிங், டிசைன் ஃபிலிம், எக்ஸ்போஸ் பண்ண விளக்கு, சமமான மேஜை, மை. சாதாரண எழுத்து, நம்பருக்கு அங்குலத்துக்கு 110 முதல் 160 இழை உள்ள நெட் போதும். கோட்டிங் தடவிக் காயவச்சு, ஃபிலிமை வச்சு விளக்கைப் போட்டால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிடும். கருப்பு எழுத்து மறைச்ச இடம் தண்ணியில் கரைஞ்சு வழி விடும். அந்த வழியாத்தான் மை இறங்குது. நம்ம கோலமாவு அச்சு மாதிரிதான். பருத்தித் துணிக்கு பிக்மென்ட் கலர், பைண்டர், ஃபிக்சர் மூணும் கலந்த மை. கருப்பு, நீலம் மாதிரி அடர்ந்த துணியில் அது எடுபடாது. அதுக்கு மறைக்கும் தன்மையுள்ள மை தனியாக் கேட்டு வாங்கணும்.

இரண்டாவது, சப்ளிமேஷன். இது பாலியஸ்டர் துணியில், அதுவும் வெள்ளை அல்லது வெளிர் நிறத்தில் மட்டும்தான் நல்லா வரும். சூட்டில் மை ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்ள போயிடும். பருத்தியில் நிற்காது. விளையாட்டு ஜெர்சிக்குப் பொருத்தம்.

மூன்றாவது, டி.டி.எஃப். ஃபிலிமில் அச்சடிச்சுப் பசைப்பொடி தூவி, சூட்டில் ஒட்டுவது. எல்லாத் துணிக்கும் சரிவரும், எத்தனை கலரும் போடலாம். ஆனால் அந்த பிரிண்டரின் வெள்ளை மை அடியில் படியும்; ஓட்டாமல் போட்டா மை வரும் வழி அடைச்சுக்கும். வாரத்துக்கு ரெண்டு ஆர்டர் வர்ற குழுவுக்கு அந்த பிரிண்டர் வேண்டாம். அச்சடிச்ச ஃபிலிமை மீட்டர் கணக்கில் வாங்கலாம். நமக்கு ஹீட் பிரஸ் ஒண்ணு போதும்.

சூடும் கரண்டும்

மை மேலாகக் காய்ஞ்சால் வேலை முடிஞ்சதுன்னு நினைக்கக் கூடாது. பிக்மென்ட் மைக்குச் சுமார் 150 டிகிரி சூடு சில நிமிஷம் வேணும். பிளாஸ்டிசால் மை, சூடு இல்லாமல் காயவே காயாது. அதுக்கு 160 டிகிரி. ஹீட் பிரஸ் அதிகக் கரண்ட் இழுக்கும். சாதாரண 5 ஆம்ப் பிளக்கில் போடவே கூடாது. எர்த் உள்ள பவர் பிளக் தேவை. வீட்டு மீட்டரில் ஓட்டலாமான்னு மின்வாரிய அலுவலகத்தில் முன்னாடியே கேட்டுக்கணும்.

முதல் பனியனை விற்காதீங்க. ஒரு நாள் விட்டு, நாம வழக்கமாத் துவைக்கிற மாதிரியே சோப்பு, பிரஷ் போட்டு அஞ்சு தடவை துவைச்சுப் பாருங்க. எழுத்து நின்னா ஆர்டர் எடுங்க.

உடம்பும் கண்மாயும்

பழைய முறைக் கோட்டிங்கில் பைக்குரோமேட் சேர்ப்பாங்க. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடிய விஷம். அது இல்லாத ரெடிமேட் கோட்டிங் கேட்டு வாங்குங்க. கையுறை போடுங்க, ஜன்னலைத் திறந்து வையுங்க, மை கலந்த பாத்திரம் சமையல்கட்டுக்குப் போகக்கூடாது. கழுவுற தண்ணியைக் கண்மாயிலோ வாய்க்காலிலோ விடாதீங்க. மிச்ச மையை முதலில் வழிச்செடுத்து டப்பாவில் மூடி வையுங்க. நொய்யல் ஆறு கெட்டதால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. நம்ம கண்மாய்த் தண்ணியை ஆடுமாடும் குடிக்குது, வயலும் குடிக்குது.

விலை வைக்கிற கணக்கு

உதாரணத்துக்கு 50 பனியன் ஆர்டர். பனியன் ஒண்ணு 130 ரூபாய்னா 6,500. கெட்டுப்போனால் மாத்த ரெண்டு, 260. மை, ஃபிலிம், கோட்டிங் 600. கரண்ட், பஸ் செலவு 400. மூணு பேர் ஒருநாள் கூலி 400 வீதம் 1,200. ஆக 8,960, ஒண்ணுக்கு ஏறக்குறைய 180 ரூபாய் அடக்கம். இதுக்குமேல்தான் லாபம். உங்க ஊர் விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்க. பெரும்பாலும் விட்டுப்போறது நம்ம சொந்தக் கூலியும் அந்த ரெண்டு பனியனும்தான். பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்காமல் துணி எடுக்காதீங்க. திருவிழா முடிஞ்ச பிறகு வசூல் பண்றது சிரமம்.

ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சியும் சாப்பாடும் இலவசம். ஸ்கிரீன் பிரிண்டிங் வகுப்பு எப்போ வைப்பீங்கன்னு கேட்டுக் குழுவா மனுக் கொடுங்க. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் நம்ம மாவட்டப் பெண்கள் சைக்கிள் கத்துக்கிட்டதை நாடே பேசிச்சு. அப்போ வாடகை சைக்கிளில் ஓட்டிப் பழகினவங்க எத்தனையோ பேர். அதுபோல, கையால் இழுக்கிற ஒரு ஃபிரேமில் பழகுவோம். ஆர்டர் பெருகட்டும், அப்புறம் மெஷின்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்க ஊரில் யார் யாருக்கு எத்தனை பனியன் தேவைன்னு ஒரு தாளில் எழுதிட்டு வாங்க. கடன் மனுவை அந்தத் தாளைப் பார்த்துத்தான் எழுதப்போறோம்.