கோபுரம் காணாத மணிகள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்வி விழாவில் ஒரு தேவாலயத்து மணிகளைப் பற்றிப் பேச விழைகின்றேன். பொருத்தம் யாதென முடிவில் விளங்கும்.

இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக் மாவட்டத்தில் ஈஸ்ட் பெர்கோல்ட் என்னும் சிற்றூர் உள்ளது. புகழ்பெற்ற ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1776-ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. அங்குள்ள புனித மரியாள் ஆலயத்திற்கு 1525-இல் மணிக்கோபுரம் எழுப்பத் தொடங்கினர். எட்டாம் ஹென்றி மன்னரிடம் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த கர்தினால் உல்சியின் உதவியை அப்பணிக்கு எதிர்பார்த்திருந்தனர் என்பது வழிவழிச் செய்தி. 1529-இல் உல்சி பதவி இழந்தார். மறு ஆண்டு மறைந்தார். கோபுரம் அரைகுறையாய் நின்றது. இன்றும் அது அவ்வாறே நிற்கின்றது.

கோபுரமில்லை என்று மணிகளை மூலையில் கிடத்திவிட்டனரோ? இல்லை. 1531-இல் ஆலய வளாகத்தில் தரையின்மீதே மரக்கொட்டகை ஒன்று அமைத்து, மணிகளை அதனுள் பொருத்தினர். கோபுரம் முடியும் வரைக்கான தற்காலிக ஏற்பாடு அது. அந்தத் தற்காலிகம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளைத் தொட்டுவிட்டது!

பின்னர் ஓர் இடையூறும் நேர்ந்தது. ஆலயத்தின் கிழக்கே இருந்த கொட்டகையின் ஓசை தமக்குத் தொல்லையென அருகிலிருந்த மாளிகைக்காரர் முறையிட்டதாகவும், அதனாலேயே பதினேழாம் நூற்றாண்டில் அது வடபுறத்திற்கு மாற்றப்பட்டதாகவும் கூறுவர். இடம் மாறியது, மணியோசை நிற்கவில்லை.

இக்கொட்டகையில் இன்றுள்ள மணிகள் ஐந்து. அவற்றின் மொத்த எடை 4 டன்னுக்கு மேல். பெரிய மணி மட்டுமே 1 டன்னுக்கும் மிகுதி. பிற ஊர்களில் மணியடிப்போர் கோபுரத்தின் உள்ளே நின்று கயிற்றை இழுப்பர். மேலே சக்கரம் சுழன்று மணியை ஆட்டும். இங்கோ கயிறுமில்லை, சக்கரமுமில்லை. மணியின் தலையில் பூட்டிய மரக்கட்டையைக் கையால் பற்றி, உடலின் வலிமை கொண்டே ஆட்ட வேண்டும். வலிமை மட்டும் போதாது. சிறிய மணி முதல் பெரிய மணி வரை ஒன்றன்பின் ஒன்றாய் ஒலிக்க, ஒவ்வொருவரும் மற்றவர் மணிக்குச் செவிகொடுத்துத் தம் முறை தவறாது இயங்க வேண்டும்.

இவ்வொழுங்கிலிருந்து இங்கிலாந்தில் ஒரு கலையே வளர்ந்தது. மணிகளின் வரிசையை மாற்றி மாற்றி ஒலிப்பது அக்கலை. ஐந்து மணிகளை 120 வகையாக வரிசைப்படுத்தலாம், ஆறாயின் 720, ஏழாயின் 5,040. ஆட்டத்திலுள்ள கனத்த மணியை விருப்பம்போல் விரைவுபடுத்த இயலாது. ஆகவே ஒரு மாற்றத்தில் ஒரு மணி ஓரிடமே முன்னேயோ பின்னேயோ நகரும். இக்கலையைப் பற்றி 1677-இல் நூல் வெளியிட்ட ஃபேபியன் ஸ்டெட்மன், அச்சுத்தொழில் பயின்றவர். கைத்தொழில் கற்றவரின் மதி கணக்கிலும் இசையிலும் ஒருங்கே ஓடியது வியப்பன்று. பயிற்சியின் பயன் அது.

இளைஞர்களே! பெரியோர் ஒருவரின் உதவியை நம்பித் தொடங்கிய கோபுரம் முடியவில்லை. இருந்ததைக் கொண்டு எழுப்பிய கொட்டகை நிலைத்துவிட்டது. மானியம் வரட்டும், கட்டடம் எழட்டும், பிறகு இரவுப் பள்ளி நடத்தலாம் என்று நம்மிடையே எவரேனும் கூறின், இம்மணிகளை எடுத்துக்காட்டுங்கள். மானியம் கேட்பது நம் உரிமை, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆயின் அதுவரை பிள்ளைகளின் வயது காத்திராது. ஒரு விளக்கும் ஒரு கரும்பலகையும் இருப்பின் இன்று மாலையே பாடம் தொடங்கலாம். கற்றவர் ஒருவர் ஐவருக்குக் கற்பிக்கட்டும், முறைவைத்து வரட்டும், முறை தவறாது வரட்டும்.