வீட்டுக் கடனை ஆறரை வருஷம் முன்னாடியே முடித்தோம்
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



என்னைப் பேசக் கூப்பிட்டப்போ, "நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன், என்ன பேசுறது"ன்னு கேட்டேன். "நீ வீட்டுக் கடன் அடைச்சியே, அதை அப்படியே சொல்லு"ன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதையே சொல்றேன்.

எங்க வீட்டுக்காரர் நூல் மில்லில் பிட்டராக இருக்கிறார். நான் வீட்டில் இருந்துகொண்டு ஒரு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறேன். இரண்டு பிள்ளைகள், கூட எங்க அத்தை. 2016 ஜூன் மாதம் பேங்கில் 5 லட்சம் ரூபாய் கடன் வாங்கி வீடு கட்டினோம். மனைப் பத்திரத்தை பேங்கில் வைத்தோம். 15 வருஷம், அதாவது 180 தவணை. வட்டி நடுவில் ஏறி இறங்கியது. புரிவதற்காக 9 சதவீதம் என்றே வைத்துச் சொல்கிறேன். மாதத் தவணை 5,071 ரூபாய்.

ஒரு வருஷம் தவறாமல் கட்டினோம். மொத்தம் 60,852 ரூபாய். அப்புறம் பேங்கில் வருஷக் கணக்குத் தாள் வாங்கிப் பார்த்தோம். அசலில் கழிந்தது 16,500 சொச்சம்தான். மீதி எல்லாம் வட்டி. பேங்க் கணக்கு தப்பில்லை. 5 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் முதல் மாத வட்டியே 3,750 ரூபாய். கட்டுகிற 5,071ல் அது போக மீதி 1,321 தான் அசலுக்குப் போகும். அசல் குறையக் குறையத்தான் வட்டியும் குறையும். 15 வருஷமும் இப்படியே கட்டினால் 5 லட்சத்துக்கு மொத்தம் 9,12,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்போம்.

எனக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் எங்க அப்பா ஞாபகம்தான் வந்தது. இரண்டு ஏக்கர் நிலத்தை மூணு வட்டிக்கு அடமானம் வைத்தார். வட்டியே கட்டிக் கட்டி, அசலைத் தொட முடியாமல், கடைசியில் அதே ஆளுக்குக் கிரயம் எழுதிக் கொடுத்தார். நான் அப்போ ஒன்பதாவது. அடுத்த வருஷம் பத்தாவதோடு என் படிப்பும் நின்றது. அதனால் பத்திரம் அடுத்தவர் பெட்டியில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

பேங்க் மேனேஜரிடம் கேட்டேன். "மாறும் வட்டிக் கடன்தான் உங்களுடையது. கூடுதலாக எவ்வளவு வேண்டுமானாலும் கட்டலாம், அதற்கு அபராதம் கிடையாது" என்றார். தனி ஆள் வாங்கும் மாறும் வட்டி வீட்டுக் கடனுக்கு முன்கூட்டியே கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2012லிருந்தே பேங்குகளுக்கு அது இருக்கிறது.

அப்படியானால் கூடுதல் பணத்துக்கு எங்கே போவது? சம்பளம் 14,000. பாலில் தீவனச் செலவு போக 2,000 நிற்கும். இதில்தான் எல்லாம்.

நாம குழுவில் பஞ்ச சூத்திரம் படிச்சிருக்கோம். முறையான கூட்டம், முறையான சேமிப்பு, உள்கடன், தவறாமல் திருப்பிக் கட்டுதல், கணக்கு எழுதுதல். குழுவில் பத்து ரூபாய்க்கும் நோட்டு எழுதுறோம். வீட்டில் மட்டும் எழுதுறதில்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி மூன்று மாதம் எல்லாவற்றையும் எழுதினேன். வாரம் ஒரு நாள், ஞாயிறு ராத்திரி சாப்பாட்டுக்குப் பின்னாடி வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்போம். அதுதான் எங்க வீட்டுக் கூட்டம்.

எழுதியதில் தெரிந்தவை இவை:

மளிகையைத் தினம் தினம் பக்கத்துக் கடையில் கடன் நோட்டில் வாங்கினோம். சின்னப் பொட்டலம், விலையும் கூட. சம்பளம் வந்ததும் டவுனில் மொத்தமாக ரொக்கத்துக்கு வாங்கினோம். மாதம் 500 மிச்சம்.

பிள்ளைகளுக்குப் பாக்கெட் தின்பண்டம் தினம் 10 ரூபாய் வீதம் இரண்டு பேருக்கு. அதைப் பாதியாக்கி வீட்டில் கடலை உருண்டை, முறுக்கு செய்தேன். செய்யும் செலவு போக 200 மிச்சம்.

அவர் டீ, வடை, நண்பர்களுக்கு வாங்கிக் கொடுப்பது என்று 900. அதை நான் குறைக்கச் சொல்லவில்லை. நோட்டில் கூட்டிப் பார்த்து அவரே 400 குறைத்தார்.

வண்டி பெட்ரோலில் 200. மாட்டுக்கு வாய்க்கால் ஓரம் புல் அறுத்துத் தீவனத்தில் 200.

ஆக மாதம் 1,500 ரூபாய். குழுச் சேமிப்பையும், பிள்ளைகளின் பால் முட்டையையும், அத்தையின் மாத்திரையையும் தொடவில்லை. அதில் கை வைத்தால் அது சிக்கனம் இல்லை.

இந்த 1,500 சம்பளம் வந்த மறுநாளே கடன் கணக்கில் ஏறிவிடும். மாதக் கடைசியில் மிஞ்சினால் கட்டலாம் என்று வைத்தால் மிஞ்சவே மிஞ்சாது. தீபாவளி போனஸிலிருந்து வருஷத்துக்கு 10,000 கட்டினோம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கடன் வாங்கி ஒரு வருஷத்தில் கூடுதலாகக் கட்டும் 10,000 ரூபாய், இரண்டு தவணைப் பணம்தான். ஆனால் கடைசியில் அது ஏறக்குறைய 7 தவணையைக் குறைக்கும். அதே பணத்தைப் பதினாலாவது வருஷம் கட்டினால் அவ்வளவு லாபம் கிடையாது. அதனால் கடனின் முதல் வருஷங்களில்தான் கையைக் கட்ட வேண்டும்.

வீட்டில் சண்டை வராமல் இல்லை. எங்க அத்தைக்கு, "போனஸில் பேத்திக்கு ஒரு கம்மல் கூட எடுக்கல, பேங்குக்காரனுக்கே கொட்டிக் கொடுக்கிறா" என்று வருத்தம். 2018ல் அவர் தவணையில் புது வண்டி எடுக்கணும்னு நின்றார். பத்து நாள் பேச்சு இல்லை. அப்புறம் ஞாயிறு கூட்டத்தில் என் மகள், அப்போ ஆறாவது படிக்கிறாள், நோட்டை வாங்கி, "வண்டித் தவணை கட்டினா வீட்டுக்குக் கூடுதலாக் கட்ட முடியாது. எது வேணும்ப்பா?"ன்னு கேட்டாள். அவர் பழைய வண்டிக்கு இன்ஜின் வேலை பார்த்து ஓட்டினார். அவர் விட்டுக் கொடுத்ததை நான் இந்த மேடையில் சொல்லியே ஆகணும்.

2020ல் கொரோனா ஊரடங்கில் மில் மூடியது. மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளி வைக்கலாம் என்று அறிவிப்பு வந்தது. விசாரித்தபோது, தள்ளி வைக்கும் மாதத்துக்கும் வட்டி ஓடும் என்றார்கள். போஸ்ட் ஆபீஸ் சேமிப்பில் இரண்டு தவணைப் பணத்தைத் தனியாக வைத்திருந்தேன். அதை எடுத்துக் கட்டினோம். கூடுதல் 1,500ஐ மட்டும் பத்து மாதம் நிறுத்தினோம். வருமானமே இல்லாமல் தள்ளி வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது அதற்காகத்தான் வந்தது.

2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வர ஆரம்பித்தது. என் பேரில் வரும் பணம் என்பதால் யாரையும் கேட்கவில்லை. அப்படியே கடன் கணக்கில் கட்டினேன். கொரோனாவில் விட்டது அதில் சரியாகிவிட்டது.

2024 டிசம்பரில் கடன் முடிந்தது. 2031 ஜூன் வரை போக வேண்டியது. வட்டியில் ஏறக்குறைய 1,80,000 ரூபாய் மிச்சம். இப்போது அந்தத் தவணைப் பணம் மகளின் காலேஜ் படிப்புக்குப் போகிறது.

இதே மாதிரி செய்ய நினைக்கும் அக்கா தங்கச்சிகளுக்குச் சில விஷயம்.

ஒன்று, கந்து வட்டி, மூணு வட்டி இருந்தால் முதலில் அதை அடையுங்கள். மூணு வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். வீட்டுக் கடன் அதில் கால் பங்குதான். வீட்டுக் கடனை அவசரமாக அடைக்க வெளியில் வட்டிக்கு வாங்கவே வாங்காதீர்கள்.

இரண்டு, குறைந்தது இரண்டு தவணைப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகு கூடுதல் கட்டுங்கள். தினக்கூலி வருமானம் என்றால் நாலு தவணையாவது வேண்டும்.

மூன்று, கூடுதலாகக் கட்டும்போது, "இதை அசலில் கழித்துக் கொள்ளுங்கள், தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், வருஷத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். வருஷா வருஷம் கணக்குத் தாள் வாங்கி அசல் குறைந்ததா என்று பாருங்கள்.

நான்கு, கடன் முடிந்ததும் சந்தோஷத்தில் சும்மா வந்துவிடாதீர்கள். கடன் பாக்கி இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். முழுக்கக் கட்டி 30 நாளுக்குள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். பேங்க் தரப்பில் தாமதமானால் நாளைக்கு 5,000 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்று 2023 டிசம்பரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. பத்திரம் வைத்ததைச் சார்பதிவாளர் ஆபீஸில் பதிந்திருந்தால், கடன் தீர்ந்த ரசீதையும் அங்கே பதிய வேண்டும். அதன் பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, கடன் நீங்கியது வந்திருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு நம்ம பிள்ளைகள்தான் அலைய வேண்டும்.

எல்லாருக்கும் எட்டு வருஷத்தில் முடியும் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் நோயாளி இருக்கலாம், குடிக்கிற ஆள் இருக்கலாம். மாதம் 200 ரூபாய்தான் முடியும் என்றால் 200 கட்டுங்கள். அதுவும் அசலைத்தான் கடிக்கும்.

கணக்குப் போடத் தெரியலைன்னு யாரும் தயங்க வேண்டாம். குழுக் கூட்டத்துக்கு வரும்போது உங்க கடன் பாஸ்புக்கைக் கொண்டு வாங்க. கூட உட்கார்ந்து போட்டுத் தர்றேன். எனக்கு இந்தக் கணக்கைக் கற்றுக் கொடுத்ததும் நம்ம குழுவின் கணக்காளர் அக்காதான்.