பிறந்த எடையும் பிற்கால பிபியும்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்ததையும் பட்டதையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், அவ்வளவுதான்.

சென்ற வருடம் என் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிபி ஏறியது. பேரன் 2 கிலோ 100 கிராம் எடையில் பிறந்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "பிள்ளைத்தாச்சி சரியா சாப்பிட்டிருக்க மாட்டா. டப்பா பாலைக் கொடுத்துத் தேத்துங்க" என்றார்கள். மகள் அழுதுவிட்டாள். அதற்குப் பிறகுதான் இதைத் தேடிப் படித்தேன்.

2.5 கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைவு என்கிறார்கள். காரணம் சாப்பாடு மட்டும் அல்ல. தாயின் ரத்த அழுத்தம், ரத்தசோகை, நஞ்சுக்கொடி வழியாகப் போதிய ரத்தம் போகாதது, புகையிலை என்று பல உண்டு. தாயைக் குற்றவாளி ஆக்காதீர்கள்.

சரி, வயிற்றில் வளர்ச்சி குறைந்தால் பிற்காலத்தில் பிபி ஏன் வர வேண்டும்? இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்டுஷையர் என்ற மாவட்டத்தில் 1911 முதல் பிறந்த குழந்தைகளின் எடையை நர்சுகள் பேரேட்டில் எழுதி வைத்தார்கள். பல வருடம் கழித்து டேவிட் பார்க்கர் என்ற டாக்டர் அதைத் தேடி எடுத்தார். எடை குறைந்திருந்த ஆண்களில் இதய நோயால் இறந்தவர்கள் அதிகம் என்று 1989-ல் எழுதினார். பேரேடு எழுதியே காலம் கழித்த எனக்கு இதைப் படித்ததும் சிலிர்த்தது.

நமக்குப் பக்கத்தில் மைசூரிலும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் 1934 முதல் பிறந்தவர்களில் 517 பேரைக் கண்டுபிடித்துச் சோதித்தார்கள். 2.5 கிலோவும் அதற்குக் கீழும் பிறந்தவர்களில் 100-க்கு 11 பேருக்கு இதய நோய், 3.1 கிலோவும் அதற்கு மேலும் பிறந்தவர்களில் 100-க்கு 3 பேருக்குத்தான். ஆனால் அதே மைசூரில் பிபிக்கும் பிறந்த எடைக்கும் தொடர்பு தெரியவில்லை. வேறு பல நாடுகளில் தெரிந்தது. அதுவும் சராசரியாகப் பார்த்தால் சில புள்ளிகள்தான். ஆகவே இது தலையெழுத்து இல்லை.

காரணமாகச் சொல்லப்படுவதில் முக்கியமானது சிறுநீரகம். அதில் ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய வடிகட்டிகள் பல லட்சம் உண்டு. அவை உருவாவது வயிற்றில் இருக்கும்போதுதான், ஏறக்குறைய 36 வாரத்துக்குள். பிறகு புதிதாக ஒன்றுகூட வராது. வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைக்கு அவை குறைவாக இருக்கும். நம் பாஷையில் சொன்னால், ஆரம்ப இருப்பே குறைவு. இருப்பவை கூடுதலாக உழைக்க, உப்பை வெளியேற்றுவது கடினமாகி, அழுத்தம் ஏறுகிறது.

ஆரம்ப இருப்பு குறைந்த கணக்கு எல்லாம் நஷ்டத்தில் முடிவதில்லை. செலவைப் பார்த்துச் செய்தால் போதும். அதனால் நான்கு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, கர்ப்பிணிகள் மாதா மாதம் பிபியும் ரத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். "தலைதானே வலிக்குது, கால்தானே வீங்குது" என்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு, சின்னதாகப் பிறந்த பிள்ளையை அவசர அவசரமாகக் குண்டாக்காதீர்கள். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் போதும். குறைந்த எடையில் பிறந்து, பிறகு வேகமாகச் சதை போடும் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

மூன்று, பிள்ளையின் பிறந்த எடை எழுதிய அட்டையைத் தொலைக்காதீர்கள். எடை குறைந்து பிறந்தவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்; பிபியைச் சிறு வயதிலிருந்தே பார்க்கச் சொல்லுங்கள்.

நான்கு, நம் வயதுக்காரர்கள் ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைக்க வேண்டும். மாத்திரையை நடுவில் நிறுத்தக் கூடாது. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து வீட்டுக்கே மாத்திரை கொண்டுவருகிறது.

எனக்கு 44 வயதில் பிபி வந்தது. நான் பிறந்தது வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்தில், வீட்டில்தான். எடை போடத் தராசு இல்லை. "உள்ளங்கை அளவுதான்டா இருந்தே" என்று அம்மா சொல்வார். அதுதான் காரணமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. என் பேரேட்டில் முதல் பக்கமே இல்லை.

பேரனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அட்டையைப் பீரோவில் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைகளின் அட்டை எங்கே என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.