குதிரைக்குப் பட்ட கடன்

(சங்கத்தின் உறுப்பினர்கள் கூட்டத்தில் திருப்பதியில் ஆற்றிய உரை)

 

ஜீவகாருண்யம் என்ற தலைப்பில் கால் மணி நேரம் பேசும்படி நம் காரியதரிசி கேட்டுக்கொண்டார். பசுவைப் பற்றிப் பேசுவேன் என்று நினைத்திருப்பார். கோ சம்ரக்ஷணத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. திருப்பதியில் இருப்பவர்களுக்கு தேவஸ்தானத்தின் கோசாலை தெரியும். பிறந்த நாள், திவசம் என்று ஏதாவது ஒரு நாளில் நம்மில் பலர் பசுவுக்குத் தீவனம் கொடுக்கிறோம். ஆகவே இன்று குதிரையைப் பற்றிப் பேச உத்தரவு கேட்கிறேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் சித்தூரில் எங்கள் அகத்துக் கல்யாணம். ஜானவாசத்துக்குக் கார் வேண்டாம், சாரட் வண்டிதான் வேண்டும் என்று குழந்தைகள் பிடிவாதம் பிடித்தார்கள். ஏற்பாடு செய்தவன் நான். வந்த குதிரை பின்னங்காலைச் சற்று இழுத்து இழுத்து நடந்தது. வண்டிக்காரரிடம் கேட்டேன். "ஒண்ணும் இல்லை சாமி, நடந்தா சரியாயிடும்" என்றார். நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் அதே குதிரையைப் பார்த்தேன். நெற்றியில் இருந்த வெள்ளைச் சுட்டியை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன். விலா எலும்பு ஒவ்வொன்றாக எண்ணலாம் போல் இருந்தது. கால் வீங்கியிருந்தது. பிளாஸ்டிக் பையோடு எச்சில் இலையைத் தின்றுகொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை. ஆள் வைத்து எங்கள் தோட்டத்துக்கு ஓட்டி வந்தேன். ஒரு வாளி நிறைய ஊறவைத்த கொள்ளு, மீந்திருந்த சாதம், வெல்லம் எல்லாம் வைத்தேன். அது ஆவலோடு தின்றதைப் பார்த்து, பெரிய புண்ணியம் செய்துவிட்டதாக எனக்கு ஒரு திருப்தி. மறுநாளும் அப்படியே வைத்தேன். மூன்றாம் நாள் குதிரை படுத்துவிட்டது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். "சார், பசியில் இருந்த குதிரையை நீங்கள் சாப்பாடு போட்டே சாய்த்துவிட்டீர்கள்" என்றார். அன்று இரவே அது போய்விட்டது.

அவர் கோபத்தில் சொன்ன வார்த்தை இல்லை அது. பிறகு நிதானமாக விளக்கினார். நாள் கணக்கில் பட்டினி கிடந்த உடம்பு தன் சதையையே கரைத்து உயிர் வாழ்கிறது. அந்த நிலையில் திடீரென்று தானியமும் வெல்லமும் உள்ளே போனால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸ், மக்னீசியம், பொட்டாசியம் போன்ற உப்புகள் சரசரவென்று குறைந்து, இதயமும் மூச்சும் தடுமாறும். முதல் பத்து நாட்கள்தான் கண்டம். தவிர, குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. வயிறும் உடம்பைப் பார்க்கச் சிறியது. அதிகமாகத் தின்றதை வெளியேற்ற வழி இல்லாமல் வயிற்று வலியிலேயே உயிர் போகலாம். மாவும் இனிப்பும் மிஞ்சினால் குளம்புக்குள் அழற்சி கண்டு நிற்கவே முடியாமல் போகும்.

மீட்ட குதிரைக்கு முதலில் நல்ல உலர்ந்த புல் வேண்டும். குதிரைமசால் கிடைத்தால் உத்தமம். அதையும் கொஞ்சம் கொஞ்சமாக, நாலு மணிக்கு ஒரு தரம் கொடுத்து, பத்து நாளில் மெதுவாக அளவை ஏற்ற வேண்டும். தானியம் எல்லாம் அப்புறம்தான்.

இது புதிய விஷயமும் அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு தேசத்திலிருந்து கப்பல் கப்பலாக வாங்கிய குதிரைகள் இங்கே சீக்கிரமே மாண்டுபோவதை எழுதி வைத்திருக்கிறார். வேகவைத்த சோற்றை மாமிசத்தோடு கலந்து கொடுத்தார்களாம். குளம்பு பார்க்கத் தெரிந்த ஆளும் இல்லையாம். ராஜாக்கள் பணத்தைக் கொட்டினார்கள். பராமரிக்கத் தெரியவில்லை. எழுநூறு வருஷம் கழித்து நானும் அதையேதான் செய்திருக்கிறேன்.

பராமரிப்பு என்றால் என்ன என்பதற்கு நம் பாரதத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. துரோண பர்வம், யுத்தத்தின் பதினாலாம் நாள். சூரியன் அஸ்தமிப்பதற்குள் ஜயத்ரதனை முடிக்காவிட்டால் அக்னிப் பிரவேசம் என்று அர்ஜுனன் சபதம் செய்திருக்கிறான். ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். அந்த நேரத்தில் குதிரைகள் களைத்துவிட்டன, அம்பு பட்டிருக்கின்றன என்று தேர் நிற்கிறது. அர்ஜுனன் தரையில் இறங்கி நின்று எதிரிகளைத் தடுக்கிறான், அம்பாலேயே ஒரு நீர்நிலை உண்டாக்குகிறான். பகவான் குதிரைகளை அவிழ்த்து, அம்புகளைத் தன் கையால் பிடுங்கி, உடம்பைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் காட்டி, தீனி கொடுத்து, அவை தெளிந்த பிறகுதான் மறுபடி பூட்டுகிறார். பார்த்தசாரதி என்று நாம் சேவிக்கும் பெருமாள் அன்று செய்த கைங்கர்யம் குதிரைக்கு. நகுலனும் விராட நகரத்தில் கிரந்திகன் என்ற பெயரில் குதிரை லாயத்தில்தான் இருந்தான். குதிரை பார்ப்பது கௌரவக் குறைவு என்று நம் பெரியவர்கள் நினைக்கவில்லை.

இங்கே திருமலையில் பிரம்மோத்ஸவத்தில் வாகனத்துக்கு முன்னால் குதிரை வருகிறது. எட்டாம் நாள் இரவு சுவாமியே அச்வ வாகனத்தில் எழுந்தருளுகிறார். கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா நின்ற காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் குதிரைகள் எல்லாம் கடைசியில் என்ன ஆயின என்று நாம் யாரும் கேட்டதில்லை.

ஒரு கணக்குச் சொல்கிறேன். பந்தயக் குதிரை இரண்டு வயதில் ஓட ஆரம்பிக்கிறது. பெரும்பாலானவை எட்டு வயதுக்குள் ஓய்வு பெற்றுவிடும். குதிரையின் ஆயுளோ இருபத்தைந்து, முப்பது வருஷம். மீதி இருபது வருஷம் அது எங்கே போகும்? சில சவாரிப் பள்ளிக்குப் போகும். சில கைமாறிக் கைமாறி, கல்யாண ஊர்வலம், கடற்கரைச் சவாரி என்று போகும். கால் போனதும் தெருவுக்கு வரும். ஊட்டிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், சுற்றுலாச் சவாரிக்கு உழைத்து ஓய்ந்த மட்டக்குதிரைகள் கடைத்தெருவில் குப்பையைக் கிளறுவதை. மசினகுடி அருகே மாவனல்லாவில் 'இந்தியா ப்ராஜெக்ட் ஃபார் அனிமல்ஸ் அண்ட் நேச்சர்' என்ற அமைப்பு அப்படிப்பட்ட குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் அடைக்கலம் கொடுத்து வந்திருக்கிறது. பணம் கொடுத்து ஒரு பிராணியை ஏற்றுக்கொள்பவர்கள்தான் இப்படிப்பட்ட இடங்களுக்குப் பலம்.

குதிரையோடு நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். நம் சித்தூர் பக்கம் வேர்க்கடலைக் காடு. பாம்புக்கடி இல்லாத கிராமம் இல்லை. 2000 முதல் 2019 வரை நம் தேசத்தில் வருஷத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்திருப்பார்கள் என்று 2020ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது. அதிகம் பாதிக்கப்பட்ட மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. கடிபட்டவருக்கு ஏற்றும் விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பிலிருந்து விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்துத் தொழிற்சாலையில் அதை மிகச் சிறிய அளவில் குதிரைக்குச் செலுத்துவார்கள். குதிரையின் உடம்பு எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும். அதன் ரத்தத்தை எடுத்துச் சுத்தம் செய்தால் அதுதான் மருந்து. உங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்ளும் குடியானவர் பிழைத்து எழுந்தார் என்றால் ஒரு குதிரை ரத்தம் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். இப்படி உழைத்த பிராணிகளுக்குப் பிற்காலப் பராமரிப்புச் செலவையும் திட்டச் செலவிலேயே சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசின் குழு வழிமுறை வகுத்திருக்கிறது. வழிமுறை காகிதத்தில் இருக்கிறது. ஆனால் புல்லைச் சுமந்து வந்து போட ஆள் வேண்டும் அல்லவா?

சட்டமும் இருக்கிறது. அதற்குக் காரணமே நம் ருக்மிணி தேவி அருண்டேல்தான். 1953ல் ராஜ்ய சபையில் மசோதா கொண்டு வந்தார். அதன் பலனாக 1960ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962ல் பிராணி நல வாரியம் சென்னையில் தொடங்கியபோது அவரே தலைவர். நோயுற்ற, காயம்பட்ட பிராணியை வேலை வாங்குவதும், பட்டினி கிடக்கும்படி கைவிடுவதும் அந்தச் சட்டப்படி குற்றம். ஆனால் முதல் குற்றத்துக்கு அன்று வைத்த அபராதம் 50 ரூபாய் வரைதான். 1965ல் வந்த விதிகளின்படி, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டக் கூடாது. குதிரை வண்டியில் ஓட்டுபவரும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் தவிர நாலு பேருக்கு மேல் ஏறக் கூடாது. சித்திரை வெயிலில் திருப்பதி எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும். நம் அகத்துக் கல்யாணத்திலேயே இந்த விதியை மீறியிருக்கிறோம். நானும் மீறியவன்தான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஒரு குதிரையை ஏற்றுக்கொள்வது ஒரு நாள் அன்னதானம் மாதிரி அல்ல. சுமார் 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு ஒரு நாளைக்கு ஆறு கிலோ உலர்தீவனம், மாதத்துக்கு 180 கிலோ. தண்ணீர் சாதாரண நாளில் 20, 25 லிட்டர், கோடையில் இன்னும் அதிகம். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தரம் குளம்பு சீவ வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை பல் பார்த்து அராவ வேண்டும். தனுர்வாயு குதிரையை மிகச் சுலபமாகத் தாக்கும். அதற்குத் தடுப்பூசி தவறக் கூடாது. புதிதாக மீட்ட குதிரையை மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் தனியாக வைத்து, கிளாண்டர்ஸ் பரிசோதனை செய்தாக வேண்டும். அது மனிதருக்கும் தொற்றக்கூடிய நோய். இத்தனையும் அந்தக் குதிரை இருக்கும் வரை நடக்க வேண்டும். அதனால்தான் ஒரே தடவை ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட, மாதா மாதம் சிறு தொகை தவறாமல் கொடுப்பது மேல். வாங்குபவர்கள் அதை நம்பித்தான் அடுத்த குதிரையை உள்ளே விட முடியும்.

என் யோசனைகளை நிர்வாகக் குழுவின் முன் வைக்கிறேன்.

முதலாவது, சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு குதிரையை ஐந்து வருஷத்துக்கு ஏற்றுக்கொள்வோம். பத்துக் குதிரை என்று ஆரம்பித்து இரண்டாம் வருஷம் கைவிட்டால், வண்டிக்காரர் செய்ததையே நாமும் செய்தவர்கள் ஆவோம். இருபது குடும்பம் சேர்ந்தால் ஒருவருக்கும் பாரம் தெரியாது.

இரண்டாவது, பணம் அனுப்புவதற்கு முன் இரண்டு பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பிராணி நல வாரியத்தின் அங்கீகாரம் உண்டா, மருத்துவர் வந்து போன குறிப்பேடு இருக்கிறதா, குளம்பு கடைசியாக எப்போது சீவினார்கள், பரிசோதனைச் சான்று எங்கே, மீட்ட குதிரையை மறுபடி வாடகைக்கு விடுகிறார்களா என்று கேட்க வேண்டும். தர்மம் என்பதால் கணக்குக் கேட்கக் கூடாது என்று இல்லை. நல்ல இடமாக இருந்தால் சந்தோஷமாகக் காட்டுவார்கள்.

மூன்றாவது, நம் ஊரிலேயே 1955 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2005ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகமும் வந்துவிட்டது. தெருவில் ஒரு குதிரையைப் பார்த்தால் முதலில் தண்ணீர் வையுங்கள், நிழலுக்குக் கொண்டு வாருங்கள், மருத்துவரை அழையுங்கள். கொள்ளு, சாதம், பொங்கல், வெல்லம் எதுவும் வேண்டாம். இந்த ஒன்றையாவது தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது, அடுத்த கல்யாணத்தில் சாரட் வேண்டும் என்றால், குதிரையை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். நடக்கவிட்டுப் பாருங்கள். நொண்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டிக்காரரைத் திட்ட வேண்டாம். அவரும் வயிற்றுப் பிழைப்புக்கு ஓட்டுகிறார். பத்து வீட்டில் வேண்டாம் என்றால் அவரே குதிரைக்கு வைத்தியம் பார்ப்பார்.

என் தோட்டத்தில் அந்தக் குதிரையைப் புதைத்த இடத்தில் ஒரு வேம்பு வைத்தேன். இப்போது நிழல் தருகிற அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜானவாசத்து அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். இப்போது இந்தச் சபையில் சொல்லிவிட்டேன். ஒரு குதிரைக்குக் கடைசி வரை புல்லும் தண்ணீரும் மருத்துவரும் கிடைக்க நீங்கள் வழி செய்தால், என் மனப்பாரம் கொஞ்சம் குறையும். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் கொடுக்கலாம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.