தாளில் எழுதாத நிபந்தனை

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மெஷின் வாங்க, இடம் வாடகைக்கு எடுக்க, சரக்கு சப்ளை பண்ண என்று நாம் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போடுகிறோம். பிறகு ஏதாவது கேட்டால், "தாளில் இல்லாததைக் கேட்காதீங்கம்மா" என்று சொல்லிவிடுகிறார்கள். அது முழு உண்மை இல்லை. தாளில் எழுதாமலே ஒப்பந்தத்துக்குள் அடங்கியிருக்கிற நிபந்தனைகள் உண்டு. உட்கிடை நிபந்தனை என்று சட்டத்தில் பெயர். இது இங்கிலாந்து நீதிமன்றங்களில் வளர்ந்த சட்டம். நம்ம நாட்டு ஒப்பந்தச் சட்டத்துக்கும் வேர் அங்கேதான். அதனால் அந்த ஊர் வழக்குகள் சிலவற்றைச் சொல்லப் போகிறோம்.

முதலில் ஒரு விவசாய வழக்கு. 1836-ல் நடந்தது, ஹட்டன் - வாரன் வழக்கு என்பார்கள். குத்தகைக்கு உழுதவரை நிலத்தைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். விதை போட்டது அவர், பாடுபட்டது அவர். அதற்கு நியாயமான தொகை கொடுங்கள் என்று கேட்டார். குத்தகைப் பேச்சில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனால் அந்த வட்டார வழக்கம் அதுதான். ஊர் வழக்கமும் ஒப்பந்தத்தில் சேர்ந்ததே என்று தீர்ப்பானது.

அடுத்தது மூர்காக் என்ற கப்பலின் வழக்கு, 1889-ம் வருடம். லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைத் துறையில் சரக்கு இறக்க அந்தக் கப்பலைக் கட்டினார்கள். அலை வற்றினால் கப்பல் தரைதட்டி நிற்கும் என்று இரண்டு தரப்புக்கும் தெரியும். வற்றியது, அடியில் மேடான கெட்டித் தரை இருந்ததால் கப்பல் சேதமாகிவிட்டது. "தரை எப்படி இருக்கும்னு நாங்க வாக்குக் கொடுக்கலையே" என்றார்கள் துறைக்காரர்கள். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. தரை பத்திரமானதா என்று தக்க கவனத்தோடு பார்த்திருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் இந்த வியாபாரத்துக்கே பொருள் இல்லை என்றது.

எது எழுதாமலே சேரும் என்று கண்டுபிடிக்க 1939-ல் மெக்கின்னன் என்ற நீதிபதி ஒரு வழி சொன்னார். இரண்டு பேர் பேரம் பேசும்போது பக்கத்தில் ஒருத்தர், நம்ம ஊர் டீக்கடையில் மூக்கை நுழைப்பாரே அந்த மாதிரி ஆள், "இதையும் எழுதிக்கலாமே" என்கிறார். உடனே இரண்டு பேரும் எரிச்சலாக, "அது தெரிஞ்சதுதானேய்யா, போய்யா" என்று சொல்வார்களானால், அது எழுதாமலே ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒருத்தர் மட்டும் தலையாட்டினால் போதாது.

நம்மை ரொம்ப யோசிக்க வைத்த வழக்கு லிவர்பூல் நகராட்சிக்கும் இர்வின் குடும்பத்துக்கும் நடந்தது. நகராட்சி கட்டிய 15 மாடிக் கட்டடம். லிஃப்ட் அடிக்கடி ஓடாது. மாடிப்படியில் விளக்கு எரியாது. குப்பை போடும் குழாய் அடைத்துக் கிடக்கும். கைக்குழந்தையோடு அத்தனை படி இருட்டில் ஏறுகிற பெண்ணின் நிலையை நினைத்துப் பாருங்கள். குடியிருந்தவர்கள் வாடகை கொடுக்க மறுத்தார்கள், வழக்கு வந்தது. வாடகைத் தாளைப் பார்த்தால், குடியிருப்பவர் செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும்தான் வரிசையாக இருந்தது. நகராட்சி என்ன செய்யும் என்று ஒரு வரி இல்லை!

1976-ல் அந்நாட்டு உச்ச அமைப்பான பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்னது. லிஃப்டும் படியும் இல்லாமல் மேல்மாடியில் குடியிருக்க முடியாது. ஆகவே பொது இடங்களைத் தக்க கவனத்தோடு பராமரிக்கும் கடமை, எழுதாவிட்டாலும், நகராட்சிக்கு உண்டு. சரி, இர்வின் குடும்பம் ஜெயித்ததா? அந்தக் கேள்வியில் இல்லை. வெளியாட்கள் திரும்பத் திரும்ப உடைத்துவிடுகிறார்கள், நகராட்சி தன்னால் ஆனதைச் செய்திருக்கிறது, கடமை தவறவில்லை என்று முடிந்தது. நியாயமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் சேர்க்க முடியாது, அவசியமாக இருந்தால்தான் சேரும் என்றும் சொன்னார்கள்.

பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற கடைக் கம்பெனி லண்டனில் வாடகை இடத்தை நடுவில் காலி செய்தது. மூன்று மாத வாடகை முன்கூட்டியே கட்டியாயிற்று. காலி செய்த பிறகுள்ள நாட்களுக்குத் திருப்பிக் கேட்டது. வக்கீல்கள் விவரமாக எழுதிய பத்திரத்தில் அது இல்லை, நாங்கள் சேர்க்கமாட்டோம் என்று 2015-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர்களுக்கே அந்த நிலை என்றால் நம் பாடு என்ன?

சாமான் வாங்கும் விஷயத்தில் சட்டமே சிலதை எழுதி வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் 1893-ல் வந்த சரக்கு விற்பனைச் சட்டத்தைத் தழுவித்தான் நமக்கு 1930-ல் சட்டம் வந்தது. அதன் 16-வது பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். எதற்காக வாங்குகிறோம் என்று, அந்தச் சரக்கை விற்பதே தொழிலாக உள்ளவரிடம் சொல்லி, அவர் அனுபவத்தை நம்பி வாங்கினால், சாமான் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ஒருவர் கம்பளி உள்ளாடை வாங்கினார். அதில் தங்கியிருந்த ரசாயனத்தால் உடம்பெல்லாம் புண். உள்ளாடையை எதற்கு வாங்குகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லவும் வேண்டுமா? வேண்டாம் என்று 1935-ல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

ஆனால் மாவு மெஷின் உள்ளாடை இல்லை. மிளகாய் அரைக்கவா, சீயக்காய் அரைக்கவா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். "அந்தக் கம்பெனி பேர் போட்ட மெஷினையே கொடுங்க" என்று நாமே கேட்டு வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். சோதித்துப் பார்த்து வாங்கினால், பார்த்தவுடன் தெரிந்திருக்க வேண்டிய குறையைப் பிறகு சொல்ல முடியாது.

இன்னொன்று. இங்கிலாந்தில் 2015 சட்டப்படி, வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவருக்கு உள்ள இந்த உரிமையைக் கடைக்காரர் தாளில் எழுதி அழிக்க முடியாது. நம்ம 1930 சட்டத்தின் 62-வது பிரிவிலோ, இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதினால் உட்கிடை நிபந்தனையை நீக்கலாம் என்று இருக்கிறது. பில்லில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள் என்று நாங்கள் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

இப்போது நம் மசாலா யூனிட்டுக்குப் பார்த்திருக்கிற கொட்டகை. உரிமையாளர் கொடுத்த தாளில் 11 நிபந்தனை. பதினொன்றும் நமக்குத்தான். மும்முனை மின்சாரம், தண்ணீர், வண்டி வருகிற பாதை, கூரை ஒழுகினால் யார் பார்ப்பது, நடுவில் காலி செய்தால் முன்பணம் என்ன ஆகும், எதுவும் இல்லை. கோர்ட்டுக்குப் போனால் இதில் சிலது எழுதாமலே சேரலாம். நம் உச்ச நீதிமன்றமும் 2017-ல், பஞ்சாப் மின்சார வழக்கு ஒன்றில், இந்த ஆங்கிலேய அளவுகோல்களை எடுத்துப் பேசியிருக்கிறது. ஆனால் கோர்ட்டுக்குப் போய் வருவதற்குள் நம் சுழல் நிதி கரைந்துவிடும். ஆகவே இந்த ஐந்தையும் எழுதி வாங்கிய பிறகுதான் கையெழுத்து. அடுத்த செவ்வாய்க்கிழமை செயற்குழுவில் அந்தத் தாளை வரிவரியாக வாசிக்கிறோம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் இரண்டு பேர் வாருங்கள். ஒருவராவது இதுவரை எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதவராக இருக்கட்டும், அவர்தான் நாம் கேட்க மறந்ததைக் கேட்பார்.