வந்து போகும் நட்சத்திரமும் தங்கி ஆடும் பிள்ளைகளும்



வெளிநாட்டு நட்சத்திர வீரர் ஒருவரால் ஒரு நாட்டில் கால்பந்து வளருமா? இந்தக் கருத்தரங்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். அமெரிக்கர்கள் ஐம்பது ஆண்டுகளாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1975-இல் பெலே போனார், 2007-இல் பெக்காம் போனார், 2023-இல் மெஸ்ஸி போனார். ஒவ்வொரு முறையும் கேள்வி புதிதாக எழுந்தது. இந்தியாவில் நாமும் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கோடி கோடியாகப் பணம் போட்டு இதே கேள்விக்கு விடை தேடி வருகிறோம். அதை லிட்டில் அந்தமானில் வைத்துப் பேசுவது மிகவும் பொருத்தம் என்பது என் எண்ணம். நட்சத்திரம் எவரும் எட்டிப் பார்க்காத தீவு இது. ஆனாலும் மாலையானால் இங்கே பந்து உருளாத ஊர் இல்லை.

அமெரிக்காவிலிருந்தே தொடங்குகிறேன். 1975 ஜூனில் நியூயார்க் காஸ்மாஸ் அணிக்காகப் பெலே முதன்முதலாகக் களமிறங்கியது ராண்டல்ஸ் தீவில் இருந்த பழைய மைதானம் ஒன்றில். புல் இல்லை, வெறும் மண். தொலைக்காட்சியில் அது தெரியக் கூடாது என்று மண்ணுக்குப் பச்சைச் சாயம் அடித்தார்கள். ஆட்டம் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வந்த பெலே, காலெல்லாம் பச்சையாக இருப்பதைப் பார்த்து ஏதோ தோல் நோய் தொற்றிவிட்டது என்று பயந்துபோனாராம். உலகத்தின் முதல் வீரரைக் கொண்டுவந்துவிட்டார்கள், அவர் ஆடுவதற்குப் புல் இல்லை. இந்த ஒரு நிகழ்ச்சியை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டம் வந்ததா என்றால், வெள்ளமாக வந்தது. 1977 ஆகஸ்ட் 14 அன்று ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் காஸ்மாஸ் ஆட்டத்தைப் பார்க்க 77,691 பேர் திரண்டார்கள். பெலேவுக்குப் பின்னால் பெக்கன்பவர், கார்லோஸ் ஆல்பர்ட்டோ, கினாலியா என்று பெரிய பெயர்கள் வரிசையாக வந்து சேர்ந்தன. மற்ற அணிகளும் கடன் வாங்கியாவது ஒரு நட்சத்திரத்தைக் கொண்டுவரத் துடித்தன. லீக் 24 அணிகளாகப் பெருத்தது. 1984 பருவத்தோடு மொத்தமும் இழுத்து மூடப்பட்டது. அதற்குப் பிறகு 1996 வரை அந்தப் பெரிய நாட்டில் முதல்நிலைத் தொழில்முறை வெளிமைதான லீக் என்று ஒன்றுமே இல்லை.

இதை வைத்துப் பெலே தோற்றார் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அவர்களோடு ஒத்துப்போகவில்லை. நியூஜெர்சியில் கியர்னி என்று ஒரு சிறிய ஊர். ஸ்காட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஆலை வேலைக்கு வந்து குடியேறியவர்களின் ஊர். பெலே வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்னரே அங்கே சங்கங்கள் இருந்தன, தெருவுக்குத் தெரு பந்து இருந்தது, அப்பாக்களே பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். காஸ்மாஸ் ஆடிய அரங்கம் கூப்பிடு தூரம். அந்த ஊரிலிருந்து டோனி மியோலா, ஜான் ஹார்க்ஸ், உருகுவேயில் பிறந்த டாப் ராமோஸ் என மூன்று பேர் அமெரிக்க அணிக்குப் போனார்கள். நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு 1990-இல் அமெரிக்கா உலகக் கோப்பைக்குள் நுழைந்தபோது மூவரும் அணியில் இருந்தார்கள். பெலேவின் வெளிச்சம் அமெரிக்கா முழுவதும்தான் விழுந்தது. ஏற்கெனவே உழுது வைத்திருந்த கியர்னியில் அது விளைச்சலாக மாறியது. குடியேறியவர்களின் ஊர் என்ற முறையில் கியர்னிக்கும் இந்தத் தீவின் ஹட் பேக்கும் நெருங்கிய உறவு உண்டு. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், நிகோபாரிலிருந்து வந்தவர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் கலந்து வாழும் தீவு இது. வரும்போதே ஆட்டத்தையும் கொண்டுவந்தவர்கள் நம் மக்கள்.

அமெரிக்கக் கால்பந்தின் உண்மையான வெற்றி எங்கே இருக்கிறது என்று கேட்டால் பெண்களிடம் இருக்கிறது. 1972-இல் அங்கே ஒரு கல்விச் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்றது சட்டம். அது விளையாட்டுக்கும் பொருந்தியது. பள்ளிகளும் கல்லூரிகளும் பெண்களுக்கு அணி அமைத்தன, பயிற்சியாளரை நியமித்தன, உதவித்தொகை கொடுத்தன. 1991-இல் முதல் மகளிர் உலகக் கோப்பையை அமெரிக்கா வென்றது. அடுத்து 1999, 2015, 2019. ஆக நான்கு கோப்பைகள். 1999 இறுதி ஆட்டத்தை ரோஸ் பௌல் அரங்கில் 90,185 பேர் பார்த்தார்கள். பெலேவைப் பார்க்க வந்த கூட்டத்தையும் தாண்டிய கூட்டம் அது. அவர்கள் பார்க்க வந்தது தங்கள் ஊர்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆடி வளர்ந்த பெண்களை.

பெக்காம், மெஸ்ஸி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெக்காம் போன 2007-இல் அமெரிக்க லீகில் 13 அணிகள், 2025-இல் 30. இருவராலும் லீகுக்கு லாபம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குள் அந்த லீக் கால்பந்துக்கென்றே அரங்கங்கள் கட்டத் தொடங்கியிருந்தது, ஊதியத்துக்கு உச்சவரம்பு வைத்திருந்தது. காஸ்மாஸ் காலத்துப் பாடத்தை அவர்கள் படித்திருந்தார்கள்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வங்காள நண்பர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையே இல்லை. 1977 செப்டம்பர் 24, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். அதே பெலே, அதே காஸ்மாஸ், எதிரே மோகன் பகான். மழையில் நனைந்த மைதானம். பெலேவை ஒட்டிக்கொண்டு ஆடும் பொறுப்பு கௌதம் சர்க்காருக்கு. கோல் வலையில் சிவாஜி பானர்ஜி. ஷியாம் தாப்பா ஒரு கோல், ஹைதராபாத்திலிருந்து வந்த முகமது ஹபீப் ஒரு கோல். காஸ்மாஸ் ஒரு பெனால்டியால்தான் தப்பித்தது. முடிவு 2-2. அந்தப் பருவத்திலேயே ஐ.எஃப்.ஏ. ஷீல்ட், ரோவர்ஸ், டுராண்ட் என்று மூன்று கோப்பைகளையும் மோகன் பகான் தூக்கியது. பெலேவோடு சமமாக ஆடிவிட்டோம் என்ற தெம்பு அதில் இல்லாமலா இருக்கும்? ஆனால் பி.கே. பானர்ஜி என்ற பயிற்சியாளர் அங்கே ஏற்கெனவே இருந்தார், பல ஆண்டு லீகில் அடிபட்டுத் தேறிய பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு நாள் விருந்தாளியால் அவர்களுக்குத் தெம்பு கொடுக்க முடிந்தது. இந்தியக் கால்பந்துக்கு மொத்தமாக அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. 1962-இல் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற நாடு, 1970-இல் வெண்கலம் வென்ற நாடு, அதற்குப் பிறகு இன்றுவரை அங்கே பதக்கம் பெறவில்லை.

வெளிநாட்டுக்காரர்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நைஜீரியாவிலிருந்து படிக்க வந்த சீமா ஒகோரி கல்கத்தாவின் மூன்று பெரிய அணிகளுக்கும் ஆடினார். பிரேசிலின் பாரெட்டோ இரண்டு கட்டமாக மோகன் பகானில் பத்தாண்டுக்கு மேல் இருந்தார். இருவரும் உலகப் புகழ் பெற்றவர்கள் அல்லர். அவர்கள் வாரா வாரம் நம் மழையிலும் சேற்றிலும் நம் டிஃபெண்டர்களோடு மோதினார்கள். அவர்களைத் தடுக்கக் கற்றுக்கொண்ட இளைஞர்கள் தேறினார்கள். தங்கி ஆடுகிறவரிடம்தான் பாடம் கிடைக்கும்.

2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அணிக்கு ஒரு நட்சத்திரம் கட்டாயம் என்று விதியே வைத்தார்கள். டெல்லிக்கு டெல் பியரோ, கோவாவுக்குப் பிரெஸ், மும்பைக்கு லியுங்பெர்க், நம் சென்னைக்கு எலானோ. எலானோ எட்டு கோல் அடித்து அந்த ஆண்டில் அதிகக் கோல் அடித்த வீரரானார். பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் எலானோவின் ஃப்ரீகிக்கைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். தமிழ்நாட்டுச் சிறுவர்கள் கிரிக்கெட் வீரரின் பெயரை விட்டுவிட்டுக் கால்பந்து வீரரின் பெயரைச் சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தது அப்போதுதான். அந்த மகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2018-இலும் கோப்பையை வென்றது. இரண்டு இறுதி ஆட்டங்களிலும் 3-2. அந்த ஆறு கோல்களில் ஒன்றைக்கூட சென்னை அணியின் இந்திய வீரர் அடிக்கவில்லை. 2015-இல் பெலிசாரியும் மென்டோசாவும் ஆளுக்கு ஒன்று, மற்றது கோவா கோல்கீப்பர் தன் வலையிலேயே விட்டது. 2018-இல் மூன்றையும் அடித்தவர்கள் பிரேசில்காரர்கள். பெரும்பாலான அணிகளில் நிலைமை இதுதான். கோல் அடிக்கும் இடத்தில் வெளிநாட்டவர், ஓடி ஓடிப் பந்து கொடுக்கும் இடத்தில் நம் பையன். ஆரம்பத்தில் களத்தில் ஆறு வெளிநாட்டவர் வரை ஆடலாம். 2017-இல் அது ஐந்தானது, 2021-இல் நான்கானது. அதற்குள் ஒரு தலைமுறை ஸ்ட்ரைக்கர்கள் உருவாகாமலே போய்விட்டார்கள். 2024 ஜூனில் ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், நாற்பது வயதில், தேசிய அணிக்கு மறுபடியும் அழைக்க வேண்டி வந்தது. அவர் வந்து கோலும் அடித்தார். அவருக்கு அது பெருமை. நூற்று நாற்பது கோடிப் பேர் உள்ள நாட்டுக்கு அது பெருமையில்லை.

2025 டிசம்பரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். மெஸ்ஸி கொல்கத்தாவுக்கு வந்தார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய மக்களால் அவரைச் சரியாகப் பார்க்கக்கூட முடியவில்லை. பெரிய மனிதர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் அவர் கிளம்பிவிட, கோபம் கொண்டவர்கள் நாற்காலிகளைப் பிய்த்து எறிந்தார்கள். அடுத்தடுத்து ஹைதராபாத், மும்பை, டெல்லி. எனக்கு அதைவிடப் பெரிய வேதனை ஒன்று உண்டு. அந்த நாட்களில் இந்தியாவின் முதல்நிலை லீகில் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. கால்பந்துச் சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இடையே இருந்த பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பர் 8-ஆம் தேதியோடு காலாவதியாகிவிட்டது. புதுப்பிப்பார் இல்லாமல் லீக் பல மாதங்களாக முடங்கிக் கிடந்தது. உலகின் முதல் வீரர் நான்கு நகரங்களில் கையசைத்துக்கொண்டு போகிறார், இந்த நாட்டின் வீரர்கள் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று தெரியாமல் வீட்டில் இருக்கிறார்கள். ராண்டல்ஸ் தீவின் பச்சைச் சாயத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

சாயம் அடிக்காமல் புல் வளர்த்தவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். 2004 சுனாமியை இந்த அவையில் யாருக்கும் விளக்க வேண்டாம். அதே அலை கடலூரையும் அடித்தது. அதில் பாதிக்கப்பட்ட பெண் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, தங்க இடமும் படிப்பும் பந்தும் கொடுத்து ஓர் அகாடமி அங்கே உருவானது. கடலூர் மண்ணிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்குப் போனார். தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் இருக்கிறார். 2018-இல் கட்டாக்கில், மகளிர் கால்பந்தில் அசைக்க முடியாத மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் முதல்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றார்கள். 2023-இல் மறுபடியும் வென்றார்கள். மதுரையின் சேது எஃப்.சி. 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்றது. இத்தனைக்கும் எந்த நட்சத்திரமும் வந்து ரிப்பன் வெட்டவில்லை.

நம் தீவுகளிலேயே சான்று உண்டு. 2004-இல் கார் நிகோபாரில் சுனாமியிலிருந்து உயிர் தப்பிய சிறுமி டெபோரா ஹெரால்ட் பின்னாளில் இந்தியாவின் முன்னணி சைக்கிள் பந்தய வீராங்கனை ஆனார். நம் தீவுகளின் இன்னொரு சைக்கிள் வீரர் ஈசோ ஆல்பன் 2018-இல் சுவிட்சர்லாந்தில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். அடுத்த ஆண்டு தங்கமும் வந்தது. அந்தமானுக்கு எந்த உலக சைக்கிள் வீரரும் வந்து கையசைத்ததால் இது நடக்கவில்லை. போர்ட் பிளேரில், இன்றைய ஸ்ரீ விஜயபுரத்தில், பயிற்சி மையம் இருந்தது. சைக்கிள் இருந்தது. தினமும் காலையில் எழுப்பிவிட ஒரு பயிற்சியாளர் இருந்தார். நிகோபாரியப் பிள்ளைகள் சைக்கிளைவிட அதிகமாக நேசிப்பது கால்பந்தை. அந்த நேசத்துக்கு ஏற்ற ஏற்பாடு மட்டும் இன்னும் வரவில்லை.

ஆகவே என் தீர்ப்பைத் தயங்காமல் சொல்கிறேன். வெளிநாட்டு நட்சத்திரத்தால் கூட்டத்தைக் கூட்ட முடியும், லீகின் கல்லாவை நிரப்ப முடியும், மைதானமும் பயிற்சியாளரும் வாராந்தர ஆட்டமும் உள்ள ஊரில் பிள்ளைகளின் ஆசையைப் பல மடங்காக்கவும் முடியும். இவை இல்லாத ஊரில் அவரால் ஆவது ஒன்றுமில்லை. ஒரு நட்சத்திரத்துக்குச் செலவிடும் பணத்தில் முதல் பங்கு மைதானத்துக்குப் போக வேண்டும்.

இந்த இரண்டு நாள் அமர்வுகளில் கட்டுரைகளோடு இரண்டு வேலைகளையும் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஜெட்டியிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் ஊரை அடையாளம் சொல்கிறவர்கள் நாம். அந்த வரிசைப்படியே லிட்டில் அந்தமானின் மைதானங்களைப் பட்டியலிடுங்கள். எது மழையில் தண்ணீர் தேங்குகிறது, எதற்குக் கோல் கம்பம் இல்லை, எதில் பெண் பிள்ளைகளை ஆட விடுவதில்லை என்று எழுதுங்கள். பிறகு, மழையையும் கப்பல் நேரத்தையும் தேர்வு நாட்களையும் பார்த்து, ஊர் அணிகளுக்கு வாரம் ஓர் ஆட்டம் வருகிற மாதிரி ஓர் அட்டவணை போடுங்கள். பெண்கள் அணிக்கும் அதே நாளில், அதே மைதானத்தில் இடம் கொடுங்கள். பட்டியலும் அட்டவணையும் நிர்வாகத்தின் கைக்குப் போய்ச் சேர்வதற்கு நான் பொறுப்பேற்கிறேன்.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.